மாட்டியவரே எடுக்க வேண்டிய பலகை

திண்டிவனத்தில் என் வீட்டின் பின்புறம், மாடிப்படிக்குக் கீழே, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் சுவிட்சுப் பெட்டி இருக்கிறது. அதன் கைப்பிடியில், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய சிவப்புத் தகரப் பலகை ஒன்று கம்பிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ‘ஆள் வேலையில் இருக்கிறார். நகர்த்தாதே’ என்று அதில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். என் மனைவி மாட்டியது. மாட்டிய அன்று மாடிக்குப் போனவள் திரும்பி வந்து அதை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனாள். அதன்பின் பதினோரு மாதங்கள் நானும் அதை எடுக்கவில்லை. பலகை தொங்கும் வரை மோட்டாரை ஓட்டக் கூடாது, ஆகவே ஓட்டவில்லை. மாடித் தொட்டி வற்றிப்போயிற்று.

தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். இரண்டு பிளாஸ்டிக் குடங்களும் ஒரு வாளியும் ஒற்றை மனிதனுக்குப் போதுமானவை. துணிகளை வெளியே சலவைக்குக் கொடுத்தேன். கோயம்புத்தூரில் கல்லூரி ஒன்றில் கற்பிக்கும் என் ஒரே மகளிடம், மோட்டார் பழுது என்று சொல்லியிருந்தேன். இயந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, முப்பத்து நான்கு ஆண்டுகள் டீசல் எஞ்சின்களைப் பராமரித்த ஒருவரின் வீட்டு மோட்டார் இத்தனை காலம் பழுதாகவே கிடக்கும் என்பதை முதல் இரண்டு மாதங்கள் அவள் நம்பினாள்.

முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, சபையில இருந்தே அறுபது பேராவது வருவாங்க. சமைக்கணும், கை கழுவணும். தண்ணி இல்லாத வீட்ல எப்பிடிப்பா?”

லாரியில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

“அது அன்னைக்கு ஒரு நாளைக்கு. அடுத்த நாளு?” என்றாள். “ஒரு மோட்டார உங்களால ஓட வைக்க முடியலன்னா, நீங்க அங்க தனியா இருக்குறது சரியா வராதுப்பா. நான் வர்றதுக்குள்ள தண்ணி வரணும். வரலன்னா, ஜெபம் முடிஞ்சதும் வீட்டப் பூட்டிட்டு எங்கூடக் கிளம்பிடுங்க. இங்க ஒரு ரூம் சும்மாத்தான் இருக்கு.”

அவள் சொன்னதில் தவறு ஏதுமில்லை. ஆனால் இந்த வீட்டை விட்டு நான் போக விரும்பவில்லை. விரும்பாமைக்கும், ஒரு தகரத் துண்டைக் கொக்கியிலிருந்து எடுக்க முடியாமைக்கும் நடுவில் பத்து நாட்கள் இருந்தன.

அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

விழுப்புரத்தில் ரயில் பாதைகள் கிளை பிரிகின்ற இடத்தைத் தாண்டி, யார்டின் கடைசியில், நான் வேலை பார்த்த டீசல் ஷெட் இருந்தது. பெரிய பணிமனை அல்ல. எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்ப்பதெல்லாம் வேறு ஊர்களில். ஓடி வந்த எஞ்சினை அடுத்த ஓட்டத்துக்குத் தயார் செய்து அனுப்புவது மட்டும்தான் எங்கள் வேலை. உள்ளே வரும் எஞ்சின் முதலில் டீசல் போடும் இடத்தில் நிற்கும். குழாயைச் செருகிவிட்டு ஒருவர் அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஏணியில் ஏறி, உலர்ந்த மணலைப் பெட்டிகளில் கொட்டுவார். மழைக் காலத்தில் சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தின்மேல் தூவுவதற்கான மணல் அது. குளிர்விக்கும் தண்ணீரின் மட்டம், எஞ்சின் எண்ணெயின் மட்டம், பாட்டரிகள், வடிகட்டிகள். அதன் பிறகு எஞ்சின் பிட்டின்மேல் வந்து நிற்கும். பிட் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கும் ஆழத்தில், எஞ்சினின் நீளத்துக்கும் கட்டப்பட்ட பள்ளம். அதில் இறங்கி நின்றால் நூறு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு தலைக்குமேல் இருக்கும். தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றுவது, தளர்ந்த போல்ட்டுகளை முடுக்குவது, எண்ணெய் எங்கே கசிகிறது என்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பது எல்லாம் அங்கிருந்துதான். உள்ளே இருப்பவரை வெளியே நிற்பவர் பார்க்க முடியாது. சுத்தியல் சத்தம் கேட்டால் ஆள் இருப்பதாகத் தெரியும். கேட்காவிட்டால் ஒன்றும் தெரியாது.

ஆகவே பலகை. ஒவ்வொரு ஃபிட்டருக்கும் அவருடைய எண் எழுதிய பலகை ஒன்று உண்டு. பிட்டில் இறங்குமுன் எஞ்சினின் கேபினுக்குள் ஏறி, ஓட்டுநர் பிடிக்கும் கைப்பிடியில் அதை மாட்டிவிட்டு இறங்க வேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பலகைகள். வேலை முடிந்து மேலே வந்து, அவரவர் பலகையை அவரவரே எடுக்க வேண்டும். ஒருவர் பலகையை மற்றொருவர் தொடக் கூடாது. மேலதிகாரியும் தொடக் கூடாது. எங்கள் ஷெட்டில் கைகலப்பு நடந்திருக்கிறது. இரண்டு சங்கங்கள் ஒரே கம்பத்தில் கொடியேற்றச் சண்டையிட்டிருக்கின்றன. ஒருவர் சோற்றை மற்றவர் தெரியாமல் தின்றதுண்டு. ஒருவர் பலகையை மற்றவர் எடுத்ததாக மட்டும் ஒரேயொரு சம்பவம்தான் உண்டு. எடுத்தவன் நான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, அன்று பணிப் பொறுப்பாளர் நான். ஒரு முற்பகல். பாண்டிச்சேரி வண்டிக்கு எஞ்சின் தேவைப்பட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பிட்டின்மேல் நின்ற எஞ்சினில் ஒரே ஒரு பலகை மிச்சமிருந்தது. ஓட்டுநர் கேபினிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார்.

“சார், வண்டி காத்துக்கினு கீது. ஜல்தியா ஆள அனுப்புங்க. இந்தப் போர்டு யாருது, எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க சார், பேஜாரு பண்ணாதீங்க.”

அந்த எண்ணுக்குரிய ஃபிட்டரைப் பத்து நிமிடங்களுக்கு முன்பு தேநீர்க் கடையில் பார்த்திருந்தேன். பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும், அப்போதுதான் மீசை தடித்த இளைஞர். வேலையை முடித்துவிட்டு, பலகையை எடுக்க மறந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார் என்று முடிவு செய்தேன். படித்தவன் செய்கிற முடிவு. கண்ணால் கண்டது, காலக் கணக்கு, காரணம், எல்லாம் அதில் இருந்தன. கேபினில் ஏறிப் பலகையைக் கழற்றினேன். ஓட்டுநர் கைப்பிடியைத் தொட்ட நேரத்தில் அடியிலிருந்து சுத்தியல் ஒலி எழுந்தது. இருமுறை, பிறகு மூன்றாவது முறை.

ஓட்டுநர் கையை எடுத்துவிட்டார். அவருடைய முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எஞ்சின் ஓர் அங்குலமும் அசையவில்லை.

தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிய ஃபிட்டர், கடைசி பிரேக் கட்டையைப் பிடித்து நிறுத்தும் இரும்பு ஊசியை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் என் கையிலிருந்த பலகையைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“ஒரு தபா கூப்ட்டுப் பாத்திருக்கலாம்ல சார்?”

நான் என்மீதே அறிக்கை எழுதி அனுப்பினேன். எச்சரிக்கை வந்தது. அதைவிட முக்கியமாக, அந்த வாரமே ஒரு நடைமுறையை எழுதினேன். அதுவரை எங்களிடம் இருந்தது மாட்டியவரே எடுக்க வேண்டும் என்ற வழக்கம் மட்டுமே. அவர் வர முடியாதபோது என்ன செய்வது என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. நான் எழுதியது இதுதான்: மாட்டியவர் வர இயலாதபோது, பணிப் பொறுப்பாளர் தாமே பிட்டில் இறங்கி முழு நீளமும் நடந்து பார்க்க வேண்டும். இரு முனைகளிலும் நின்று, மாட்டியவரைப் பெயர் சொல்லி மும்முறை அழைக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். அதன் பின்னரே பலகையை அகற்றலாம்.

ஓய்வு பெறும் வரை பலமுறை நானே அதைச் செய்திருக்கிறேன். காய்ச்சலென்று பாதியில் வீட்டுக்குப் போனவர்கள், மனைவிக்குப் பிரசவம் என்று ஓடியவர்கள், வெறுமனே மறந்தவர்கள். அவர்கள் விக்கிரவாண்டியிலோ வேறெங்கோ தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தும், எண்ணெய் வழுக்கும் அந்தப் பள்ளத்தில் நின்று அவர்கள் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறேன். மறுநாள் மற்றவர்கள் அவர்களைப் படாத பாடு படுத்துவார்கள். “உன் பேரு பிட்லயே தங்கிடுச்சி, போய்க் கூட்டிக்கினு வா” என்பார்கள்.

ஓய்வு நாளன்று எல்லோரும் சேர்ந்து சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். காணைக்காரர் தனியாக ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே புதிதாகச் சாயம் பூசிய பலகை ஒன்று இருந்தது, எண் எழுதப்படவில்லை. “உங்களுக்கு மட்டும் இது வரைக்கும் போர்டு இல்லியே சார்” என்றார்.

நான் அதை மேசை இழுப்பறையில் வைத்தேன். என் மனைவி எடுத்துக்கொண்டாள். இரண்டு பேர் இருந்த வீட்டில் அவளைப்போல அதைப் பயன்படுத்த வேறு யாராலும் முடிந்திருக்காது. தரை துடைத்த ஈரம் காயும் வரை அறை வாசலில் மாட்டுவாள். மகள் வரும் நாளில் மீன் குழம்புச் சட்டியின் காதில் மாட்டுவாள். நான் முன்கூட்டியே கரண்டி விடக் கூடாது. ஒருமுறை என் நாற்காலியிலேயே மாட்டியிருந்தாள். மாட்டியவர்தான் எடுக்க வேண்டும் என்ற விதியையும், அதற்கு நான் எழுதிய நடைமுறையையும் விளக்கிச் சொன்னபோது நன்றாகச் சிரித்தாள்.

“நீங்க எழுதினதுலயே உருப்படியானது இது ஒண்ணுதான்” என்றாள்.

அவளுடைய பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தாயாருக்கும் அதே பெயர். மாமியாரும் மருமகளும் ஒரே பெயரோடு ஒரே வீட்டில் இருந்தபோது, தாயார் காதுபட அந்தப் பெயரைச் சொல்லி அதட்டவோ அழைக்கவோ என்னால் இயலவில்லை. “இங்க பாரு” என்பேன். பல நேரம் தொண்டையைச் செருமுவதே போதுமாக இருந்தது. தாயார் காலமாகி இருபது ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. மகள் பிறந்ததும் அவள் அம்மா ஆனாள். தெருவில் அக்கா ஆனாள். ஷெட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சார் வீட்டம்மா. “எனக்குப் பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான் இருக்கு” என்று ஒருமுறை சொன்னாள். குறையாகச் சொன்னாளா விளையாட்டாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். சித்திரை வெயில். விடியற்காலையில் கூழ் கிளறி, மாடியில் வேட்டி விரித்து வடகம் பிழிந்திருந்தாள். தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் நேரே வேட்டியின்மேல் ஓடும். ஆகவே கீழே வந்ததும் மோட்டார் சுவிட்சில் பலகையை மாட்டினாள். பத்து மணிவாக்கில், “காக்கா வருது, போய் உக்காந்துக்கினு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு மீண்டும் மேலே போனாள். நான் முன்னறையில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்குப் பசித்தது. சமையலறைக்குப் போனேன். சோறு வடித்து மூடியிருந்தது. பின்கதவு வழியாகச் சுவிட்சுப் பெட்டி தெரிந்தது, பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் வேலையில் இருக்கிறாள் என்று அது எனக்குச் சொல்லிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் நம்பிய பலகை. திரும்பிப் போய்ப் படிக்கலானேன்.

படிக்கட்டு பன்னிரண்டு படிகள். அடியில் நின்று குரல் கொடுத்தால் மேலே கேட்கும். நான் குரல் கொடுக்கவில்லை.

இரண்டு மணிக்குப் பிறகு, பக்கத்து வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் பெண்மணி, காய்ந்த துணி எடுக்கத் தன் மாடிக்கு வந்தவர், கத்தினார்: “சார்! சார்! மேல ஓடியாங்க. அக்கா வெய்யில்ல படுத்துக்கினு இருக்காங்க!”

மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு விழுந்தார் என்பது. பத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அதையே எழுதிக்கொண்டார்.

வடகத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்மணி மறுநாள் உரித்தெடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்து, அடக்கம் முடிந்த பின் கொடுத்தார். ஆகவே பலகை மாட்டப்பட்ட வேலை முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். எனக்கு மூடநம்பிக்கைகள் கிடையாது. அவள் வந்து அதை எடுப்பாள் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. நான் எடுப்பது தகாது என்று மட்டும் நினைத்தேன். சுவிட்சுப் பெட்டியின் முன் பலமுறை போய் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குத்தான் போனேன்.

மகள் தொலைபேசியில் பேசிய மறுநாளே எலக்ட்ரீசியன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவள் ஏற்பாடு. முப்பது வயதுக்காரர், பேச்சை நிறுத்தாதவர்.

“அக்கா கோயமுத்தூர்ல இருந்து போன் பண்ணாங்க சார். மோட்டார் கொளாறாமே. எத்தினி எச்.பி.? எத்தினி அடி போர்?” சொல்லிக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார். “இன்னா சார் இது, நகர்த்தாதேன்னு தகரத்த மாட்டி வெச்சிக்கினு மோட்டார் ஓடலன்றீங்க?” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். எத்தனை அழுத்திப் பிடித்தேன் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

“வேணாம் சார். நான் தொடல.” மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். “அப்போ எப்பிடி சார் பாக்குறது?”

இன்னொரு நாள் வரச் சொன்னேன். அன்று மாலையே மகள் பேசினாள். எலக்ட்ரீசியன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் கோபப்படவில்லை, அதுதான் கடினமாக இருந்தது.

“அம்மா மாட்டின போர்டா அப்பா?”

“ஆமாம்.”

“பதினோரு மாசமா?”

“ம்” என்றேன்.

“இங்க வந்துடுங்கப்பா” என்றாள்.

நினைவு ஜெபத்துக்கு நான்கு நாள் இருக்கையில், விழுப்புரம் போனேன். நான் பணியில் இருந்தபோது தினமும் ஏறிய அதே காலை வண்டி. ஏன் போகிறேன் என்று யாராவது கேட்டிருந்தால், பழைய நடைமுறையின் வாசகத்தைச் சரிபார்க்க என்று சொல்லியிருப்பேன். அது உண்மையல்ல, வாசகம் எனக்கு மனப்பாடம். அதைப் பற்றிப் பேசுவதற்கு உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

பாதைகளுக்கு மேலே இப்போது மின்கம்பிகள். ஷெட்டில் மூன்று டீசல் எஞ்சின்கள் நின்றன. யார்டில் பெட்டிகளைச் சேர்க்கவும் பிரிக்கவும், கம்பியில் மின்சாரம் நிறுத்தப்படும் நேரங்களில் உதவவும் அவை தேவைப்படுகின்றன. மணல் அதே மணல். தரையில் எண்ணெயின் கறுப்பு அப்படியே. பெண்கள் இருவர் ஃபிட்டர்களாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வாசலில் என்னைப் பார்த்ததும், என்னைப் பற்றி முன்பே கேள்விப்பட்டவர்போல, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“மேஸ்திரி, உங்க போர்டு சார் வந்திருக்காரு. இன்னைக்காவது உங்க காசுல டீ சொல்லுங்க.”

காணைக்காரர் இப்போது மேஸ்திரி. மீசை முழுக்க வெள்ளை. ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. “உனக்கும் சேத்துச் சொல்றேன், வாய மூடு” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, என்னைப் பிட்டின் ஓரமாக ஒரு மரப்பெட்டியில் உட்கார வைத்தார்.

“இன்னா சார், இப்பிடி எளைச்சிட்டீங்க? ஒழுங்கா சாப்புட்றீங்களா?”

அவரிடம் சொன்னேன். பலகை, மோட்டார், தண்ணீர், மகள் வைத்திருக்கும் கெடு. ஒரு மணிக்குச் சமையலறையிலிருந்து திரும்பிப் போனதையும் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை. எங்களுக்கு எதிரே நின்ற எஞ்சினுக்கு அடியிலிருந்து சுத்தியல் ஒலி வந்துகொண்டிருந்தது. அது நிற்கும் வரை அவர் பேசவில்லை.

“மாட்னவங்க வரல. சரி சார்” என்றார். “வரலன்னா இன்னா பண்ணணும்னு நீங்கதான எழுதி வெச்சீங்க?”

“ஆமாம்.”

“எறங்கிப் பாத்தீங்களா? அதான் சார், அதுக்கப்பறம் மாடிக்கு ஏறிப் பாத்தீங்களா?”

இல்லை. அந்த நாளுக்குப் பிறகு நான் மாடிக்குப் போகவேயில்லை.

“கூப்ட்டீங்களா?”

அதுவும் இல்லை.

“அது இன்னா சார் நாயம்? எங்களுக்கு ஒரு சட்டம், ஊட்டுக்கு ஒரு சட்டமா?” குரலில் கடுமை இல்லை. கழிவுப் பஞ்சில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். “எனக்காவது அன்னிக்குச் சுத்தி கையில இருந்துச்சி. தட்னேன். அம்மா கையில இன்னா இருந்துச்சி? நீங்கதான் சார் கூப்டணும்.”

பிறகு தேநீர் வந்தது. அவருடைய ஓய்வூதியத்தைப் பற்றியும், மருமகன் விக்கிரவாண்டியில் தொடங்கப்போகும் டயர் கடையைப் பற்றியும் பேசினோம். கிளம்பும்போது, ஜெபத்துக்கு வருகிறேன் என்றார்.

மறுநாள் காலை எலக்ட்ரீசியனை வரச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்மணியையும் பத்து நிமிடம் வந்து நிற்க முடியுமா என்று கேட்டேன். ஈர மாவுக் கையோடு வந்தார். இருவரையும் சுவிட்சுப் பெட்டியின் அருகில் நிறுத்தி, இது என் மனைவி மாட்டிய பலகை, இதை நான் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, நீங்கள் இருவரும் சாட்சி என்று சொன்னேன். எலக்ட்ரீசியன் ஏதோ கேட்க வாயெடுத்தார். பெண்மணி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு படிகள் ஏறினேன். மாடியில் வேப்பஞ்சருகு கணுக்கால் அளவுக்குச் சேர்ந்திருந்தது. வேட்டியைப் பெண்மணி எடுத்துவிட்டிருந்தாலும், அதன் நான்கு முனைகளிலும் பாரத்துக்கு வைத்த நான்கு கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. அவை குறித்த நீள்சதுரத்துக்குள் நான் கால் வைக்கவில்லை. சுற்றி வந்து முழு நீளமும் நடந்தேன். தென்முனையில் நின்று அழைத்தேன். முதல் முறை காற்றுதான் வந்தது. அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிறகு அழைத்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அந்த வீட்டில் நான் உரக்கச் சொல்லாத பெயர். எங்கள் நடைமுறைப்படி ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு காத்திருக்க வேண்டும். அடியில் இருப்பவர் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்துத் தட்டுவதற்கான அவகாசம். அந்த அவகாசத்தைக் கொடுத்தேன். தெருவில் ஒரு காய்கறி வண்டி போயிற்று. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. வடமுனைக்குப் போய் மீண்டும் மூன்று முறை. கடைசி அழைப்புக்குப் பிறகு விதி கேட்பதைவிட அதிக நேரம் நின்றேன்.

கீழே வந்தபோது பெண்மணி கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாவு நெற்றியில் ஒட்டியிருந்தது.

“அக்கா பேரு இதுதானா சார்?” என்றார். “பதினாறு வருசமா பக்கத்துலயே இருக்கேன். எனக்குத் தெரியவே தெரியாது.”

“இதுதான்” என்றேன்.

நோட்டில் எழுதினேன்: ‘மாட்டியவர் வர இயலவில்லை. முழு நீளமும் நடந்து பார்க்கப்பட்டது. இரு முனைகளிலும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டது. பதில் இல்லை.’ இருவரும் கையொப்பமிட்டார்கள். எலக்ட்ரீசியன் தன் தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதினார். பலகையைக் கொக்கியோடு எடுத்தேன். அது தொங்கிய இடத்தில் பெட்டியின் சாயம் வெளுக்காமல், அதே அளவில், கரும்பச்சையாக இருந்தது.

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகிற்று. “புடிச்சிக்கினு கீது சார், ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க” என்றார் எலக்ட்ரீசியன். இரண்டாம் முறை ஓடத் தொடங்கிற்று. குழாயில் தண்ணீர் ஏறும் அதிர்வு சுவரில் தெரிந்தது. முதலில் துருவின் நிறத்தில் வரும், கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் அத்தனை குறைவாகப் பேசி நான் பார்த்தது அன்றுதான். பெண்மணியும் மாவுக்கடைக்குத் திரும்பினார்.

மகளை அழைத்துத் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். “நீங்களே எடுத்தீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு மணியைப் பற்றிச் சொன்னேன். அவள் அழுவது கேட்டது. குறுக்கே பேசாமல் காத்திருந்தேன். கடைசியில், “சரிப்பா. நான் வெள்ளிக்கிழமை வர்றேன். ரூம் பத்தி அப்பறம் பேசலாம். இப்ப வேணாம்” என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பி, நான்கு கற்களின்மேல் வழிந்துகொண்டிருந்தது. அவள் இருந்திருந்தால், இதற்குள் சமையலறையிலிருந்து, காது கேக்கலியா, மோட்டார நிறுத்துங்க என்ற குரல் வந்திருக்கும்.

எழுந்துபோய் நிறுத்தினேன்.